தொகையும் விரியும்

காஞ்சி மாநகரில் பிள்ளையார்பாளையம் என்பது நெசவாளர் மிகுந்து வாழும் பகுதி. அங்கே ஒரு சிறிய ஓட்டு வீட்டில் நான் பிறந்து வளர்ந்தேன். கதிரவன் எழுமுன்னரே எங்கள் தெரு விழித்துக்கொள்ளும். தெருவின் நெடுகிலும் பட்டுப் பாவை நீட்டி, அறுந்த இழைகளைப் பெரியோர் முடிந்துகொண்டிருப்பர். வெயில் ஏறியதும் பாவு வீட்டுக்குள் சென்றுவிடும். பிறகு வீடுதோறும் தறியோசை எழும். அந்த ஓசையைக் கேட்டே நான் எழுந்தேன். அதனைக் கேட்டே உறங்கினேன்.

என் தந்தையார் தறிக்குழியில் கால்களை விட்டு அமர்ந்து நெய்வார். தாயார் திண்ணையில் அமர்ந்து தார் சுற்றுவார். சேலையின் உடல் ஒரு நிறமாகவும் கரை வேறு நிறமாகவும் அமையும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளுதற்குத் துணையாள் ஒருவர் தேவை. பள்ளிக்குச் செல்லுமுன்னும் பள்ளி விட்டு வந்த பின்னும் அத்துணையாள் நானே. உடலும் கரையும் கூடும் இடத்தில் இழையோடு இழை பின்னிக்கொள்ளவேண்டும். அங்கே ஓர் இழை தவறினாலும் தந்தையாரின் கை நின்றுவிடும். அவர் கடிந்து பேசார். தவறிய இழையைப் பிரித்து மீண்டும் போடச் சொல்வார். அவ்வளவே.

எட்டாம் வகுப்பில் எங்களுக்குத் தமிழாசிரியர் தொகைநிலைத் தொடர் கற்பித்தார். கரும்பலகையில் 'பட்டுச்சேலை' என்று எழுதினார்.

"இதனை விரித்துக் கூறுங்கள்" என்றார்.

"பட்டால் ஆகிய சேலை, ஐயா" என்றான் ஒருவன்.

"நன்று. 'ஆல்' என்னும் மூன்றாம் வேற்றுமை உருபும், 'ஆகிய' என்னும் பயனும் இரண்டு சொற்களுக்கும் இடையே மறைந்து நிற்கின்றன. மறைந்து நிற்பது தொகை. மறைந்ததை வெளிக்கொணர்வது விரி" என்று விளக்கினார். பிறகு 'காஞ்சிபுரம் பட்டு' என்று எழுதி என்னைச் சுட்டினார்.

நான் எழுந்து நின்றேன். "காஞ்சிபுரத்தில் என் அப்பா நெய்த பட்டு, ஐயா" என்றேன்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்கு முகம் சிவந்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை. சிறிது நேரம் என்னையே பார்த்தார்.

"தம்பி, தேர்வில் 'காஞ்சிபுரத்தில் நெய்த பட்டு' என்று எழுது, அது போதும். ஆனால், நீ சொன்னது தவறன்று. இலக்கணம் வேற்றுமை உருபையும் பயனையும் விரித்தவுடன் நின்றுவிடும். மனிதன் அதற்கு அப்பாலும் விரித்துப் பார்க்கலாம்" என்றார்.

அச்சொல் என் உள்ளத்தில் தைத்தது. நானும் பிற்காலத்தில் தமிழாசிரியன் ஆனேன். பல ஆண்டுகள் அதே தொகைநிலைத் தொடர்களைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தேன். ஆனால், என் ஆசிரியர் கூறியதன் முழுப்பொருளை எனக்கு உணர்த்தியது காஞ்சிபுரம் பட்டு அன்று. கடல் கடந்த ஒரு மாலுமியின் பெயரிலிருந்து பிறந்த ஓர் அடைமொழியே அதனை உணர்த்தியது.

ஒருநாள் வகுப்பில் மாணவன் ஒருவன் அறிவியல் இதழ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தான். "ஐயா, இதில் 'கொலம்பிய மாமூத்' என்று ஒரு பழங்கால யானையின் படம் இருக்கிறது. கொலம்பஸ் தம் கப்பலில் யானையும் கொண்டுபோனாரா?" என்று கேட்டான். மற்ற மாணவர் சிரித்தனர். எனக்கு என் எட்டாம் வகுப்பு நினைவு வந்தது. "சிரிக்காதீர்கள், அவன் கேட்டது இலக்கண வினா. விடை காண்போம்" என்றேன். அன்று தொடங்கிய ஆராய்ச்சி எங்களைப் பல நாள் விடவில்லை. 'கொலம்பிய', 'கொலம்பியா' என்னும் சொற்கள் எங்கெங்கு வழங்குகின்றன என்று தேடினோம். தேடத் தேட வியப்பு மிகுந்தது.

கொலம்பஸின் வரலாற்றை மாணவர் அறிவர். இத்தாலியின் ஜெனோவா நகரில் 1451ஆம் ஆண்டளவில் பிறந்தவர் அவர். மேற்கு நோக்கிச் சென்றே இந்தியாவை அடையலாம் என்று நம்பி, ஸ்பெயின் அரசின் துணையோடு 1492ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் மூன்று கப்பல்களுடன் புறப்பட்டார். அக்டோபர் 12ஆம் நாள் கரை கண்டார். அது இந்தியா அன்று. அமெரிக்காவை ஒட்டிய ஒரு தீவு. ஆயினும், 1506இல் இறக்கும்வரை அவர் தாம் ஆசியாவின் ஓரத்தை எட்டிவிட்டதாகவே எண்ணியிருந்தார்.

இனி அந்த யானையைக் காண்போம். கொலம்பிய மாமூத் வட அமெரிக்காவில் வாழ்ந்த பேருயிர். தோள்வரை ஏறக்குறைய 4 மீட்டர் உயரம் வளரக்கூடியது. கொலம்பஸ் பிறப்பதற்குப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவ்வினம் அழிந்துவிட்டது. அதன் எச்சங்களை ஆராய்ந்து 1857ஆம் ஆண்டு அதற்குப் பெயரிட்டவர் ஹியூ பால்கனர் என்னும் அறிஞர். இவர் நம் நாட்டில் நெடுங்காலம் பணியாற்றி, சிவாலிக் மலைகளில் பழைய உயிர்களின் எலும்புகளைத் தோண்டி எடுத்தவர். ஆகவே, 'கொலம்பஸ் வளர்த்த யானை' என்று விரித்தால் தவறு. 'கொலம்பஸ் கண்ட யானை' என்று விரித்தாலும் தவறு. அவர் பெயரோடு இணைத்து எண்ணப்படும் நிலத்தில் ஒரு காலத்தில் வாழ்ந்த யானை என்பதே பொருள். அவர் காணாத உயிருக்கும் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது.

அடுத்து, கொலம்பியாப் பல்கலைக்கழகம். அண்ணல் அம்பேத்கர் 1913ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் இப்பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பயின்றார் என்பதை நாம் அறிவோம். 1754இல் அக்கல்விக்கூடம் தோன்றியபோது அதற்கு 'அரசர் கல்லூரி' என்று பெயர். அமெரிக்கர் ஆங்கிலேய ஆட்சியினின்று விடுதலை பெற்ற பின் அரசர் பெயரை வைத்திருக்க யாருக்கு மனம் வரும்? 1784இல் 'கொலம்பியாக் கல்லூரி' என்று மாற்றினர். நாம் தமிழ்மொழியைத் தமிழன்னை என்று போற்றுவதுபோல, அமெரிக்கர் அக்காலத்தில் தம் நாட்டைக் கொலம்பியா என்னும் பெண்ணாக உருவகித்து வந்தனர். எனவே இங்கே கொலம்பியா என்றால் கொலம்பஸ் அல்லர். விடுதலை பெற்ற நாடே.

அந்நாட்டின் தலைநகர் வாஷிங்டன் அமைந்துள்ள பகுதிக்குக் கொலம்பியா மாவட்டம் என்று பெயர். அங்கே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பேசும்பொறி விற்கும் குழுமம் ஒன்று தோன்றி, அவ்விடத்தின் பெயரையே தனக்கும் சூட்டிக்கொண்டது. அப்பெயர் தாங்கிய இசைத்தட்டுகள் கடல் கடந்து நம் ஊருக்கும் வந்தன. என் இளமையில் எங்கள் தெருமுனைக் கடையில் சுழன்ற தமிழ்ப் பாடல் தட்டுகளிலும் 'கொலம்பியா' என்னும் எழுத்துகளைக் கண்டிருக்கிறேன். மாலுமியின் பெயர் நாட்டுக்கு. நாட்டின் பெயர் ஊர்ப்பகுதிக்கு. ஊர்ப்பகுதியின் பெயர் வணிகருக்கு. வணிகர் பெயர் தட்டுக்கு. பாட்டன் பெயர் பேரனுக்கு வருவதுபோல நான்கு தலைமுறை தாண்டி வந்த பெயர் அது. தட்டில் பாடியவரோ, பாட்டைக் கேட்ட எங்கள் தெருவாரோ கொலம்பஸை எண்ணியிருக்கமாட்டார்கள்.

1792ஆம் ஆண்டு இராபர்ட் கிரே என்னும் அமெரிக்கர் 'கொலம்பியா' என்று தொடங்கும் பெயருடைய கப்பலில் சென்று, மேற்குக் கரையில் ஒரு பேராற்றின் முகத்துவாரத்துள் புகுந்தார். ஆற்றுக்குத் தம் கப்பலின் பெயரையே இட்டார். அவ்வாற்றின் பெயரைக்கொண்டு 1858இல் விக்டோரியா அரசியார் ஒரு நிலப்பகுதிக்குப் 'பிரிட்டிஷ் கொலம்பியா' என்று பெயரளித்தார். அது இன்று கனடாவின் ஒரு மாகாணம். 1969இல் நிலவுக்குச் சென்ற மனிதரைச் சுமந்து திரும்பிய கலத்துக்கும் கொலம்பியா என்பதே பெயர். 1981இல் முதன்முதல் விண்ணில் எழுந்த விண்வெளி ஓடத்துக்கும் அப்பெயரே. அவ்வோடம் 2003ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் பூமிக்குத் திரும்பும்போது சிதைந்தது. நம் நாட்டில் பிறந்த கல்பனா சாவ்லாவும் உடன் சென்ற அறுவரும் உயிர் நீத்தனர். இதனை வகுப்பில் சொன்னபோது மாணவர் சற்று நேரம் பேசவில்லை. அதுவரை விளையாட்டாகத் தோன்றிய சொல் அவர்களுக்குத் துயரம் தரும் சொல்லாயிற்று.

மற்றொரு வழக்கையும் கேளுங்கள். கொலம்பஸ் கரை கண்ட நானூறாம் ஆண்டு நிறைவைக் கொண்டாட, சிகாகோ நகரில் 'உலகக் கொலம்பியப் பொருட்காட்சி' நடந்தது. ஏற்பாடு முடியத் தாமதம் ஆனமையால் 1892க்குப் பதிலாக 1893இல் அது திறக்கப்பட்டது. அக்காட்சியையொட்டிக் கூடிய உலகச் சமயப் பேரவையிலேதான் செப்டம்பர் 11ஆம் நாள் விவேகானந்தர் பேசினார். அவரை அங்கு அனுப்பச் சென்னையில் வீடு வீடாகச் சென்று பொருள் திரட்டிய இளைஞர்களுக்குத் தலைவராய் நின்றவர் அளசிங்கப் பெருமாள். இந்தியாவைத் தேடிப் புறப்பட்டு வழிதவறியவரின் விழாவில், இந்தியர் ஒருவர் தாமே சென்று நின்றார்! அவ்விழாவின் பெயரில் நின்ற 'கொலம்பிய' என்னும் சொல்லுக்குப் 'புகழுரை' என்று பொருள் கொள்ளலாம்.

அடைமொழி வந்து, பின் நீங்கிய கதையும் உண்டு. 1801இல் சார்லசு ஹாட்செட் என்னும் ஆங்கில வேதியியலார், அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு கனிமத்தில் புதிய தனிமம் இருப்பதைக் கண்டு, அதற்குக் கொலம்பியம் என்று பெயரிட்டார். பின்னர் ஐரோப்பிய அறிஞர் நியோபியம் என்று வழங்கினர். இரண்டு பெயர்களும் நெடுங்காலம் போட்டியிட்டன. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் உலக வேதியியலார் நியோபியம் என்பதையே ஏற்றனர். கனிமம் மட்டும் கொலம்பைட்டு என்னும் பழம்பெயரை விடவில்லை.

இவ்வாறு தேடும்போது ஒரு மாணவி, "அப்படியானால் நம் கொழும்பு நகரும் கொலம்பஸ் பெயரால் வந்ததுதானே, ஐயா?" என்று கேட்டாள். நல்ல வினா, ஆனால் விடை 'அன்று' என்பதே. கொலம்பஸ் பிறப்பதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே, இபின் பதூதா என்னும் மொராக்கோ நாட்டு வழிப்போக்கர் இலங்கையின் அத்துறைமுகத்தைக் 'கலன்பு' என்று குறித்துள்ளார். ஒலி ஒத்திருப்பதால் உறவு கற்பித்தல் ஆகாது. எல்லாவற்றையும் ஒரு பெரிய பெயரின் கணக்கில் எழுதிவிடும் ஆசை நம்மிடமும் இருக்கிறது என்பதை அன்று உணர்ந்தோம்.

இத்தனையும் எங்கோ நடந்த கதைகள் என்று தோன்றலாம். ஆனால், இந்த அடைமொழி எங்கள் காஞ்சிபுரத்து அடுக்களை வரையிலும் வந்து நிற்கிறது. அதைச் சொல்லுமுன் என் பாட்டியாரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

சில நாள்களில் பாட்டியார் வரதராசப் பெருமாள் கோயிலிலிருந்து இட்லிப் பிரசாதம் கொண்டுவருவார். அது வீட்டு இட்லிபோல் வட்டமாக இராது. மூங்கிற் குடலையில் மந்தாரை இலை பரப்பி, மாவை ஊற்றி, நெடுநேரம் ஆவியில் வேகவைத்து எடுப்பது அது. துண்டு துண்டாக அரிந்தே தருவர். மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் மணக்கும். ஒருமுறை, "பாட்டி, இதில் ஏன் மிளகாய் போடுவதில்லை?" என்று கேட்டேன்.

"பெருமாளுக்கு மிளகுதான் பழக்கம், கண்ணு. மிளகாய் நேற்று வந்தது" என்றார் பாட்டியார்.

நான் அதைக் கேட்டுச் சிரித்தேன். மிளகாய் இல்லாத உலகம் ஒன்று இருந்திருக்கும் என்று என்னால் எண்ண முடியவில்லை. பல ஆண்டுகள் கழித்தே, பாட்டியார் கூறியது வரலாறு என்று தெரிந்தது.

ஆல்பிரடு கிராசுபி என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியர் 1972ஆம் ஆண்டு வெளியிட்ட நூலுக்குக் 'கொலம்பியப் பரிமாற்றம்' என்னும் பொருளுடைய தலைப்பை இட்டார். 1492க்குப் பின் இரு பெரு நிலப்பரப்புகளுக்கும் இடையே பயிர்களும் விலங்குகளும் நோய்களும் மக்களும் மாறி மாறிச் சென்றதை அத்தொடர் குறிக்கும். குதிரை, மாடு, கோதுமை, கரும்பு ஆகியவை இங்கிருந்து அங்குச் சென்றன. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், நிலக்கடலை, மரவள்ளி, முந்திரி, கொய்யா, பப்பாளி, அன்னாசி ஆகியவை அங்கிருந்து புறப்பட்டு உலகெங்கும் பரவின. வாஸ்கோட காமா 1498இல் கோழிக்கோட்டை அடைந்த பின், போர்ச்சுகீசியரின் கப்பல்கள் வழியாக மிளகாய் நம் நாட்டுக்கு வந்தது. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய பல்லவ மன்னன் இராசசிம்மன் மிளகாயைக் கண்டிலன். இராசராச சோழனும் கண்டிலன். அவர்கள் உண்ட காரம் மிளகின் காரமே.

வரலாற்றாசிரியர் 'கொலம்பசுக்கு முற்பட்ட' என்னும் ஓர் அடைமொழியையும் ஆள்வர். அமெரிக்காவின் பழைய கோயில்களுக்கும் சிற்பங்களுக்கும் அதனை வழங்குவர். அவ்வடைமொழியை நம் கோயில் மடைப்பள்ளிகளுக்கும் சூட்டலாம் என்று எனக்குத் தோன்றுவது உண்டு. மரபு வழுவாத மடைப்பள்ளிகளிலும், நம் இல்லங்களில் முன்னோர்க்குப் படைக்கும் திவசச் சமையலிலும் பெரும்பாலும் மிளகாய் இல்லை, தக்காளி இல்லை, உருளைக்கிழங்கு இல்லை. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட நம் உணவு அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. பாட்டியார் 'நேற்று' என்றது அந்த ஐந்நூறு ஆண்டுகளைத்தான்.

புதிதாக வந்த பொருள்களுக்கு நம் முன்னோர் இட்ட பெயர்களையும் பாருங்கள். மிளகுபோல் உறைக்கும் காய் மிளகாய் ஆயிற்று. கொலம்பஸும் அதனை முதலில் கண்டபோது மிளகோடு ஒப்பிட்டே எழுதினார். வட ஆர்க்காட்டுப் பக்கத்திலும் எங்கள் பக்கத்திலும் நிலக்கடலையை மல்லாட்டை என்பர். மணிலாக்கொட்டை என்பது மருவிய சொல் அது. மணிலா பிலிப்பைன் நாட்டு நகரம். கடலை பிறந்ததோ தென் அமெரிக்கா. மெக்சிகோவில் பிறந்த சோளத்துக்கு நாம் அராபிய நாட்டு மக்காவின் பெயரைச் சூட்டியிருக்கிறோம் என்பர். பொருள் பிறந்த இடத்தை இப்பெயர்கள் கூறவில்லை. அது வந்ததாக நாம் எண்ணிய வழியையே கூறுகின்றன.

நெசவாளன் மகனாகிய எனக்குப் பெரிதும் வியப்பளித்த செய்தி சாயத்தைப் பற்றியது. மெக்சிகோவின் பழங்குடி மக்கள், ஒருவகைக் கள்ளிச் செடியில் வாழும் சிறு பூச்சியிலிருந்து மிகச் சிறந்த சிவப்புச் சாயம் எடுத்தனர். அதற்குக் கொச்சினீல் என்று பெயர். பட்டுக்கும் கம்பளிக்கும் அச்சாயம் ஏற்றதென்று ஐரோப்பியர் அதற்குப் பெரும்பொருள் கொடுத்தனர். சென்னையில் கும்பினியாரின் தலைமை மருத்துவராய் இருந்த ஜேம்சு ஆண்டர்சன், அப்பூச்சியை வளர்ப்பதற்கென்றே சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் வைத்தார். 1795இல் பூச்சியும் இந்தியாவுக்கு வந்தது. ஆனால், வந்தது உயர்ந்த சாயம் தரும் இனம் அன்று, வேறொன்று. அது சாயம் தருவதை விட்டுக் கள்ளியைத் தின்று அழித்தது! நம் நாட்டிலோ அரக்குப் பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுக்கும் வழக்கம் தொன்மையானது. பட்டுச்சேலையில் 'அரக்கு நிறம்' என்று இன்றும் நாம் கூறுவது அதன் நினைவே. உலகின் இரு முனைகளில், ஒருவரை ஒருவர் அறியாத மக்கள், சிறு பூச்சியில் செந்நிறத்தைக் கண்டுபிடித்திருக்கின்றனர்.

இவ்விடத்தில் என் ஆசிரியரின் சொல் மீண்டும் நினைவுக்கு வந்தது. 'கொலம்பியப் பரிமாற்றம்' என்பதைக் கொலம்பஸால் நேர்ந்த பரிமாற்றம் என்று இலக்கணப்படி விரித்துவிடலாம். ஆனால், இடையே மறைந்து நிற்பவர் எத்தனை பேர்! காட்டில் கிடந்த மிளகாயைப் பல ஆயிரம் ஆண்டுகள் விதை தேர்ந்து பயிராக்கிய உழவர் யார்? கள்ளியில் பூச்சி பொறுக்கிய பெண்கள் யார்? அவர்களுள் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. பரிமாற்றம் என்பது இருவரும் இசைந்து கொடுத்து வாங்குவது. அங்கே நடந்தது அத்தகையது அன்று. கொலம்பஸ் அம்மக்களை 'இந்தியர்' என்று தவறாக அழைத்தார். தவறான அப்பெயர் பல நூற்றாண்டுகள் அவர்கள்மேல் நின்றது. அவருடைய ஆட்சியில் அவர்கள் அடிமைகளாக்கப்பட்டனர்; அவர்களில் பலர் கப்பலேற்றி விற்கப்பட்டனர். பின்னர் அம்மை முதலிய நோய்கள் வந்தன. அந்நோய்களை முன்பு அறியாத உடல்களாதலால் மக்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தனர். அவர் முதலில் கண்ட தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்கள் சில பத்தாண்டுகளுக்குள் மிகச் சிலராய்க் குறைந்துபோயினர்.

ஆகவேதான், கொலம்பஸ் நாளாகக் கொண்டாடப்பட்ட நாளை, அமெரிக்காவின் பெர்க்லி நகரம் 1992இல் தொல்குடி மக்கள் நாளாக மாற்றிக்கொண்டது. பின்னர் வேறு பல நகரங்களும் அவ்வாறு செய்தன. இது பெயரை அழிக்கும் செயல் என்று சிலர் வருந்துவர். எனக்கோ அது நெடுங்காலம் தொகையாய் நின்ற ஒரு தொடரை விரித்துப் படிக்கும் முயற்சியாகவே தோன்றுகிறது. கொலம்பஸின் துணிவு மெய். அவர் கடல் கடந்தது மெய். அதனால் உலகம் மாறியது மெய். அவற்றை மறுக்கவேண்டுவதில்லை. அவற்றின் அருகே மறைந்துள்ளவற்றையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

பிறரைப் பற்றி இவ்வளவு பேசிய நாம் நம் ஊரைப் பற்றியும் பேசவேண்டும் அன்றோ? 'காஞ்சிபுரம் பட்டு' என்னும் புகழ்த்தொடரையே எடுத்துக்கொள்வோம். 2005-06ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறிடத்துச் சேலைக்கு அப்பெயரைச் சூட்டி விற்பது இப்போது சட்டப்படி குற்றம். ஆனால், சேலையைப் பிரித்துப் பாருங்கள். பட்டிழையில் பெரும்பகுதி கருநாடகத்திலிருந்து வருகிறது. சரிகை சூரத்து நகரிலிருந்து வருவதுண்டு. அப்படியானால் அதில் காஞ்சிபுரம் எங்கே இருக்கிறது? உடலும் கரையும் கூடும் கோர்வையில் இருக்கிறது. முந்தி உடலோடு இணையும் இடத்தில் இருக்கிறது. தவறிய இழையைப் பிரித்து மீண்டும் போடும் பொறுமையில் இருக்கிறது. கை வேலையே காஞ்சிபுரம்.

நான் சிறுவனாய் இருந்தபோது, தந்தையாரோடு ஒரு முறை நெய்த சேலையைக் கொடுக்கக் கடைக்குச் சென்றேன். உள்ளே மணமகள் வீட்டார் சேலை பார்த்துக்கொண்டிருந்தனர். நாங்கள் முந்திய மாதம் நெய்த அரக்கு நிறச் சேலை அவர்கள் முன் விரிந்திருந்தது. கரையை வைத்தே அதனை அடையாளம் கண்டுகொண்டேன். அதில் நான் தள்ளிய நாடாவின் இழையும் இருந்தது. "அசல் காஞ்சிபுரம்!" என்று மணமகளின் தாயார் மகிழ்ந்து கூறினார். நான் தந்தையாரின் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கூலியை வாங்கி மடியில் முடிந்துகொண்டு வெளியே வந்தார். தெருவில் சிறிது தொலைவு நடந்த பின், "அந்தப் பெண்ணுக்கு நிறம் நன்றாகப் பொருந்தும்" என்றார்.

அடுத்த ஆண்டுதான் எட்டாம் வகுப்பில், 'காஞ்சிபுரத்தில் என் அப்பா நெய்த பட்டு' என்று நான் விரித்தேன்.

இன்று தந்தையார் இல்லை. எங்கள் வீட்டில் தறியும் இல்லை. தறிக்குழி இருந்த இடத்தில் தளம் போட்டு அதன்மேல் என் புத்தக அலமாரி நிற்கிறது. ஆயினும், எங்கேனும் காஞ்சிபுரம் பட்டு என்னும் சொற்களைக் காணும்போது, இரண்டு சொற்களுக்கும் இடையிலுள்ள சிறிய இடைவெளியில் அவர் அமர்ந்து நெய்துகொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றும்.

மாணவர்களே! பெயர்கள் சுருக்கமாகவே இருத்தல் வேண்டும். இல்லையேல் நாம் பேசவே இயலாது. சேலை வாங்குவோர் ஒவ்வொருவரும் நெய்தவர் பெயரை ஓதிக்கொண்டிருத்தல் இயலாது. மிளகாயைக் கிள்ளும்போதெல்லாம் மெக்சிகோ உழவரை எண்ணிக்கொண்டிருத்தலும் இயலாது. ஆயினும், ஒரு பெயரைக் கேட்கும்போது, 'இதனுள் எது மறைந்து நிற்கிறது? யார் மறைந்து நிற்கிறார்?' என்று ஒருமுறையேனும் கேட்டுப் பாருங்கள். தேர்வில் வேற்றுமை உருபையும் பயனையும் விரித்து எழுதுங்கள்; மதிப்பெண் கிடைக்கும். வாழ்வில் அதற்கு அப்பாலும் விரித்துப் பாருங்கள்.